புகாரே வராத வாரம்

ஜெபமணி சார் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினார். அவர் அப்படித் தூங்கி ஒரு பருவம் ஆகியிருந்தது. வெளியாள் எவனோ கல்லூரிக் கணினிகளுக்குள் புகுந்து, பிள்ளைகளின் மதிப்பெண்ணையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அந்தக் கணினிகளின் காவல் அவர் பொறுப்பு. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்த மனிதரைப் பிடித்து இந்த வேலையையும் தலையில் கட்டியிருந்தார்கள். வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் கணினி மையத் தலைவி மெஹருன்னிசா. வயதில் இளையவர்தான். ஆனாலும் ஜெபமணி வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு ஃபயர்வால் பெட்டியைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தன. இணையத்தில் வருவதையும் போவதையும் நிறுத்திப் பார்த்து, சந்தேகப்பட்டதைத் தடுக்கிற பெட்டி. எதை வாங்குவது என்று மாலைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் முதல்வர்.

விடுப்பு முடிந்து மெஹருன்னிசா அன்றுதான் வந்திருந்தார். ஜெபமணி காத்திருந்து பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது பெட்டிதான் டீச்சர். முதல் பெட்டி சும்மா வேடிக்கை பார்த்துச்சு. இந்த வாரம் இதை மாட்டினேன். லேசா சந்தேகம் வந்தாலே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிருது."

"தள்ளினது எல்லாம் திருடன்தானா சார்?"

"பெட்டி அப்படித்தானே சொல்லுது."

"பிள்ளைங்க என்ன சொல்றாங்க?"

"அதைக் கேளுங்க. ஒரு புகார்கூட வரலை. புகார் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கிறேன், வெறிச்சோடிக் கிடக்கு."

"நம்ம பிள்ளைங்களா? ஒரு வாரம் குறை சொல்லாம இருந்தாங்களா?"

ஜெபமணி சிரித்தார். மெஹருன்னிசா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் அமைப்புகளைத் திரையில் திறந்தார். யாரையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று பெட்டிக்குச் சொல்லிவைக்கிற இடம் ஒன்று அதில் உண்டு. அந்தப் பட்டியலில் முதல்வர் இருந்தார். ஜெபமணியும் இருந்தார். பெட்டியை மாட்டியதும் அவர் செய்த முதல் காரியம் அது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் யோசிக்காமல் செய்கிற காரியமும் அதுதான்.

மெஹருன்னிசா ஜெபமணியின் பெயரை அதிலிருந்து எடுத்தார்.

"இப்ப புகார் பக்கத்தைத் திறங்க சார்."

திறந்தார். பக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாசகம் வந்தது: 'இப்பக்கம் தடுக்கப்பட்டுள்ளது. தவறு என்று கருதினால் புகார் பக்கத்தில் தெரிவிக்கவும்.'

ஜெபமணி மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"உங்களுக்கு இப்ப வகுப்பு இருக்குல்ல? அக்சிலியா போன்ல என்ன வருதுன்னு பார்த்துட்டு வாங்க."

அக்சிலியாவுக்குக் காது கேட்காது. ஆசிரியர் பேசப் பேச எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்று அவள் போனில் இருந்தது. போட்டுக்கொடுத்தவரே மெஹருன்னிசாதான். வகுப்பறைக்குள் வேறு சிக்னல் எட்டாது, கல்லூரி வைஃபைதான் கதி. இந்த வாரம் முழுக்க அவள் பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெபமணி அதைக் கவனிக்காமல் இல்லை. "கவனம் எங்கம்மா இருக்கு?" என்று நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார். பக்கத்துப் பெண் இடித்ததும், எதற்கென்று தெரியாமலே எழுந்து நின்றாள் அக்சிலியா.

இன்றைக்கு அவர் கேட்டதும் போனை நீட்டினாள். அதே வாசகம். திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு.

ஜெபமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பலகையில் 'மன்னிச்சிரும்மா' என்று எழுதினார். வகுப்பு கசமுசாவென்றது. அவர் பொருட்படுத்தவில்லை. அன்று வாயே திறக்காமல், அந்த வாரத்துப் பாடம் முழுவதையும் எழுதி எழுதி அழித்தார்.

சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு திரும்பி வந்தார். அதற்குள் புகார் பக்கத்தையும் அந்தச் செயலியையும் மெஹருன்னிசா திறந்துவிட்டிருந்தார். புகார்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

"ஒண்ணு திருடனை விட்டுருது, இன்னொண்ணு பிள்ளையை அடைச்சிருது. நான் எதைத்தான் வாங்க டீச்சர்? மறுபடி எவனாவது உள்ளே வந்துட்டா?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு சார்," என்றார் மெஹருன்னிசா. "இன்னும் ஒரு வாரம் இதைப் பார்ப்போம். அப்புறம் சொல்லுவோம்."

"முதல்வர் மாலைக்குள்ள கேட்டாரே. ஒத்துக்க மாட்டார்."

"ஒத்துக்குவார். அவர் பேரையும் எடுத்துட்டேன்."