சரி என்று தலையாட்டியவள்

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொரு வயது. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த ஆவுடையம்மாள் டீச்சருக்கு ஐம்பத்தொன்பது. என்ன செய்ய, அந்த இல்லத்துக்குள் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஜெசிந்தா அக்காதான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரும் கூச்சமில்லாமல் அக்கா என்றே கூப்பிட்டாள்.

தூத்துக்குடியில், அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்களும் பிள்ளைகளும் தங்கும் இல்லம் அது.

ஒரு புதன்கிழமை இசக்கியம்மாள் ஆறு வயது மகளோடு வந்தாள். மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். புருஷனின் பெல்ட், பூட்டிய அறை, பிள்ளையின் முதுகில் வைத்த சூடு. டீச்சரும் கூட உட்கார்ந்து அழுதாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அடுத்த வாரம், அக்கா கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், சென்னையிலிருந்து நன்கொடையாளர்கள் ஆறு பேர் இல்லத்தைப் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள், குறை சொல்லக் கூடாது. தையல் மெஷின் தருவதாக ஏற்கெனவே சொல்லியும் இருந்தார்கள். ஆனால் நம்ம டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால், நன்றாக வாசிக்கிற பிள்ளையாகப் பார்த்து எழுப்பிவிட்டே பழகியவள் ஆயிற்றே.

"இசக்கி, உனக்கு நடந்ததை இவங்களுக்குக் கொஞ்சம் சொல்றியாம்மா?"

இசக்கியம்மாள் சரி என்று தலையாட்டினாள். எழுந்து நின்று சொன்னாள். பிள்ளையின் முதுகைக்கூடத் திருப்பிக் காட்டினாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பிற்பாடு அந்தப் பெருமையை நினைத்துத்தான் அவள் அதிகம் கூசிப்போனாள்.

மறுநாள் காலையில் இசக்கியம்மாளையும் காணோம், பிள்ளையையும் காணோம்.

டீச்சர் அடித்துப்பிடித்துப் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனாள். புருஷன் வீட்டு வாசலில் இசக்கியம்மாள் நின்றிருந்தாள். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை.

"வந்துரு இசக்கி. பிள்ளைக்காகவாவது வா."

"அங்க வந்தா மறுபடியும் எந்திரிச்சு நின்னு சொல்லணுமா டீச்சர்?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

இசக்கியம்மாள் நம்பவில்லை.

"இங்க அடி மட்டுந்தான் டீச்சர். அவர் வந்துருவார், நீங்க போயிருங்க."

சாயங்காலம் அக்கா மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, இசக்கியம்மாள் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். அவர்களிடம், தான் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டாள் இசக்கியம்மாள்.

இரண்டு நாள் டீச்சருக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் அக்காவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, நான் பலவந்தம் பண்ணலியே. கேட்டுட்டுத்தான சொல்லச் சொன்னேன். அவளும் சரின்னுதான தலையாட்டினா. நான் எங்க தப்புப் பண்ணேன்?"

அக்கா, சமைக்கிற பெண்ணையும் வாசலில் காவல் இருக்கிற பெண்ணையும் உள்ளே கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"டீச்சர், உங்க மகன் ஏழு வருஷமா உங்க வீட்டுப் படி ஏறலன்னு ஒருநாள் எங்கிட்ட சொன்னீங்கள்லா. என்ன நடந்துச்சுன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்றீங்களா?"

டீச்சரின் முகம் செத்துப்போயிற்று. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

"அது வேண்டாம் அக்கா."

அக்கா அந்த இரண்டு பேரையும் போகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வந்து டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு உங்களால சொல்ல முடியுது டீச்சர். அவ நம்ம சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா."