மிச்சமிருந்த ஒரே பாளையம்

பனிநாட்டில் நுர்வார் என்றொரு கூட்டம் இருந்தது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அலைந்து கொள்ளையடிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. உழைத்துத் தின்பது இழிவு என்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கே போனாலும், அவர்களே முன்பு எரித்த ஊர்களின் சாம்பல்தான் கிடந்தது. பசி தாங்காத தலைவன் கொர்சாய், வழிகாட்ட இழுத்துவந்த அடிமைப்பெண் இல்மேயின் கழுத்தில் கோடரியை வைத்தான்.

"கொள்ளையடிக்க ஓர் ஊர் காட்டு. இல்லையென்றால் உன்னை நாய்களுக்குப் போடுவேன்."

"ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, தலைவரே. அங்கே அடுப்பு எரிகிறது, உலர்ந்த இறைச்சி தொங்குகிறது. காவலுக்கு ஓர் ஆண்பிள்ளைகூட இல்லை."

கொர்சாயின் கண் மின்னியது. "எங்கே?"

"உங்கள் பாளையம்தான். ஆண்கள் எல்லாரும் இங்கே அல்லவா நிற்கிறீர்கள்!"

யாரும் சிரிக்கவில்லை. அவரவர் கூடாரத்து இறைச்சி அவரவருக்கு நினைவு வந்தது. ஒருவன் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினான். அவன் முந்திப்போய்த் தங்கள் கூடாரத்தைக் கொள்ளையடித்துவிடுவானோ என்று மற்றவர்களும் நாய்களை விரட்டினார்கள்.

கொர்சாய் கோடரியைத் தாழ்த்தினான். "தொலைந்து போ. உன் ஊருக்கே போ."

"அதைப் போன வருஷம் நீங்கள்தான் எரித்தீர்கள்" என்றாள் இல்மே.

அவன் வண்டியேறிப் போனான். இல்மே அந்த வண்டித் தடத்திலேயே நடந்தாள். குளிர்காய வேறு எங்கும் நெருப்பு இல்லை.