எடை குறைந்த மீன் பெட்டி

துறைமுகத் தெருவில் தனகோடி அண்ணாச்சிக்கு ஓர் அலுமினியப் பட்டறை. அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரு சங்கம், அதற்குப் பலவேசம் தலைவர். சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மீன் விற்கும் பிலோமினா, மொபெட்டில் வைக்க ஒரு பெட்டி கேட்டாள். "பழைய பெட்டி கனத்துல வண்டி மேட்டுல ஏறமாட்டேங்குது அண்ணாச்சி. எடை குறையணும். இல்லன்னா எதிர்ப் பட்டறைக்குப் போயிருவேன்."

அண்ணாச்சி மூவரையும் கூப்பிட்டார். "மெல்லிசுத் தகடு. வெல்டிங் வச்சா உருகிரும். ஓட்டை போட்டு ரிவெட் ஆணி அடிச்சு இணைங்க. எடை குறையலன்னா பட்டறையப் பூட்டிருவேன்." சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். முதலாளிகள் முட்டாள்கள் இல்லை.

பட்டறை போனால் வயிறும் போச்சே என்று பலவேசம் நடுங்கினார். தகட்டை எடை போட்டார். ஓட்டை போட்டார். எடை குறைந்தது. ரிவெட் அடித்தார். ஏறிவிட்டது!

"தோழர்களே, இது சதி. நாம பாடுபட்டுக் குறைச்சதை இந்த ரிவெட் ஏத்திவிடுது."

"அப்ப அது முதலாளி ஆளா?" என்றான் காத்தமுத்து.

"பின்னே? நாம போட்ட ஓட்டையில, தலை பெருத்து, நோகாம உக்காந்திருக்கு பாரு!"

ரிவெட்டுகளை வெளியேற்றத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, சாப்பாட்டையும் மறந்து மேலும் மேலும் ஓட்டை போட்டார்கள்.

மூன்றாமவன் மாசானத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தலைவரே, தகடு நாலும் தனித்தனியால்லா கிடக்கு? கயிறு போட்டுக் கட்டுவமா?"

"கயித்துக்கு எடை இல்லியாலே?"

மூவரும் மோவாயைத் தடவினார்கள். கடைசியில் பலவேசம் சொன்னார்: "நாமளே பிடிச்சுக்கிடுவோம். நம்ம எடையப் பெட்டிக் கணக்குல சேக்க முடியாது."

பிலோமினா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மீன் கூடையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, சந்தையும் கூடிவிட்டது. மூவரும் மொபெட்டில் தொற்றி ஆளுக்கொரு தகட்டைப் பிடித்தார்கள். நாலாவது தகட்டுக்கு அண்ணாச்சியை எழுப்பி ஏற்றினார்கள். பட்டறை வேலையில் அவர் கை பட்டது அன்றைக்குத்தான். நடுவே மீனைக் கொட்டினார்கள்.

மேட்டில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது.

பலவேசம் தகடுகளுக்கு நடுவே குனிந்து வெகுநேரம் ஆராய்ந்தார். முகம் மலர்ந்தது.

"கனம் பூராவும் மீன்லதாம்லே இருக்கு. காத்தமுத்து, ஓடிப்போய் டிரில்லிங் மிஷினை எடுத்துட்டு வா!"