கயிற்றை முகர்ந்த குதிரை

அந்தக் காலத்தில் குதிரைக்கும் வாய் இருந்தது. புல் மேய மட்டும் இல்லை, பேசவும்தான். காக்கையும் ஓணானும் ஆட்காட்டிக் குருவியும் பேசிய காலத்தில் குதிரை மட்டும் சும்மா இருக்குமா? அதிலும் நயமாகப் பேசும். "கொஞ்சம் தள்ளிக்குங்க, குட்டி ஓடி வருது" என்று வழிப்போக்கரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் பாயும். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பவும் செய்யும். அதுதான் வினையாகப் போயிற்று.

கொங்கு நாட்டில், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு நடுவே ஓர் ஊர். அங்கே பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். கயிறு திரிப்பது அவள் தொழில். புளிச்சைச் செடியின் நாரை ஊறப்போட்டு, அடித்து அலசி, அவள் திரித்த கயிறு அறுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவள் போடும் முடிச்சு அதைவிடப் பேர்போனது. இழுக்க இழுக்க இறுகும், தானாகத் தளராது. "பாவாயி போட்ட முடிச்சை அவ கைதான் அவுக்கோணும்" என்று ஊரே சொல்லும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தொழில் தெரிந்தவளுக்கு அந்த அளவு கர்வம் இருந்தால்தான் என்ன?

அவள் புருஷன் ராக்கியண்ணன் கெட்டவன் இல்லை, பகட்டுக்காரன். பாவாயியின் அண்ணன் திமில் பெருத்த காளை ஒன்றை வாங்கி ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திரிந்தான். மச்சானின் காளையைப் பார்த்த நாளிலிருந்து ராக்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற நோம்பிப் பண்டிகைக்கு மாமனார் வீட்டு வாசலில் தான் குதிரைமேல் போய் இறங்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரே பிடியாய் நின்றான். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் போய், கண்ணி வைத்து ஒரு கயிறு வேண்டும் என்று கேட்டான்.

"எதுக்குங்க?" என்றாள் பாவாயி.

"கன்னுக்குட்டிக்குத்தான் புள்ள, வேற எதுக்கு?"

அவளும் நம்பி, தன் பேர்போன முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள்.

மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. செவலை நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை, பக்கத்தில் பால் மறக்காத குட்டி. ராக்கியண்ணன் வலது கையில் கம்புத் தானியத்தை நீட்டிக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனான்.

"என்னப்பா, ஒரு கை முன்னால இருக்குது, இன்னொரு கையைக் காணோமே?" என்று செவலை கேட்டது.

"முதுகு அரிக்குது. சொறிஞ்சுட்டு இருக்கறேன்."

"கயிறு கியிறு ஒன்னும் இல்லையே?"

"சேச்சே! என்ற பேச்சுல நம்பிக்கை இல்லையா? நல்லா முத்துன கம்பு, வா வந்து தின்னு."

செவலை நம்பி வந்து அவன் உள்ளங்கையில் வாயை வைத்தது. கண்ணி கழுத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு வானம் எது, பூமி எது என்று ராக்கியண்ணனுக்குத் தெரியவில்லை. வேலமுள்ளின்மேல் தரதரவென்று இழுபட்டு, கயிற்றை விட்டுவிட்டு, வேட்டி கிழிந்து வீடு வந்து சேர்ந்தான். கயிறு மட்டும் செவலையின் கழுத்திலேயே தங்கிவிட்டது.

குதிரைகளெல்லாம் வெள்வேல மரத்தடியில் கூடின. "சொல்லைக் காட்டித்தானே நம்மளப் புடிச்சாங்க? இனி அந்தச் சொல்லே நமக்கு வேண்டாம்" என்றது செவலை. குதிரை வர்க்கம் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அத்தனை குதிரைகளும் தங்களிடமிருந்த சொற்களைப் புல்லில் துப்பிவிட்டன. அதில் கொஞ்சத்தைக் கிளி பொறுக்கிக்கொண்டது என்பார்கள். அது வேறு கதை. ஆனால் சொல்லைத் துப்பினாலும் சொல்ல வேண்டும் என்கிற ஆசையைத் துப்ப முடியுமா? அது மெல்ல மேலே ஏறி, காதுகளில் போய் உட்கார்ந்துகொண்டது. குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களுக்கு இது தெரியவில்லை.

பாவாயி முற்றத்தில் நார் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஆட்காட்டிக் குருவி வந்து கத்தியது.

"ஏ பாவாயி! உன்ற முடிச்சு ஒரு உசுரைக் குடிச்சுட்டு இருக்குது, நீ இங்க நாரைக் காயப்போட்டுட்டு இருக்கறயா?"

"என்ன சொல்றே நீ?"

"உன்ற புருசன் ஒரு கையில கம்பைக் காட்டி, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுட்டுப் போயி, செவலை கழுத்துல உன்ற கயித்தைப் போட்டுட்டான். புல்லு தொண்டைல இறங்கல. குட்டிக்குப் பால் வத்துது. ஐப்பசி மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. ஈரம் பட்டா அந்தக் கயிறு என்ன செய்யும்னு நான் சொல்லோணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. புளிச்சை நார் நனைந்தால் இறுகும். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், தாய் மூச்சுத் திணறிச் சாகும், பிறகு பாலில்லாமல் குட்டியும் சாகும். பாவாயி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையில் ஏதோ ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

"கன்னுக்குட்டிக்குன்னு சொன்னீங்களே?"

"குதிரையும் ஒரு வகைல..." என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் கூரையில் ஓட்டை தேடப் போனான். பாவாயிக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் கைகளை நினைத்து வேதனையாக இருந்தது. இதே கைகள்தானே அந்த முடிச்சைப் போட்டன!

அவள் காட்டுக்கு ஓடினாள். "ஆத்தா செவலை, பயப்படாதே, நான் அவுத்துடறேன்" என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? சொல் காதில் விழுந்ததுமே செவலை குட்டியோடு ஓடிப்போயிற்று.

மறுநாள் அறுவாள் கொண்டுபோனாள். கயிற்றை அறுக்கத்தான். பார்த்தால் மிரளுமே என்று முதுகுப்பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்தில் போய்விட்டாள், ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனாள், அவ்வளவுதான். குளம்பு தோளில் பட்டுக் குப்புற விழுந்தாள். புல்லில் கிடந்தபடியே யோசித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 'நானும் அவரு மாதிரியே ஒரு கையை ஒளிச்சுட்டுத்தானே வந்தேன்!' அறுவாளைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

அதன் பிறகு அவள் செவலையைத் தேடி நடக்கவில்லை. அது பார்க்கிற இடத்தில், நேருக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்து உட்கார்ந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை. பேச்சை விட்ட பிறகுதான் கண் திறந்தது. அந்தக் காதுகள் சும்மா இருக்கவே இல்லை! பின்னால் சாய்ந்து பிடரியோடு ஒட்டினால், வேண்டாம் என்று பொருள். உடனே பாவாயி எழுந்து எட்டப் போய் உட்காருவாள். ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பினால், யோசிக்கிறது. இரண்டும் முன்னால் நிமிர்ந்தால், 'யார் நீ, என்ன வேணும்?'

வேண்டாம் என்று சொன்னால் விலகிப் போகிற மனிதப் பிறவியைச் செவலை அதுவரை பார்த்ததில்லை. அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முதலில் குட்டிதான் வந்து அவள் முந்தானையைச் சப்பியது. பின்னால் தாய் வந்தது. அவள் உள்ளங்கையை முகர்ந்தது, மூக்கால் "புர்ர்ர்" என்று நீளமாக ஊதியது. பாவாயியும் தன் மூச்சை அதேபோல நீளமாக விட்டாள். தோளைத் தடவ விட்டது. கழுத்துக்குக் கை போனால் மட்டும் காது பின்னால் சாயும். அவளும் கையை எடுத்துவிடுவாள்.

மேற்கே வானம் கறுத்தது.

மேகத்தைப் பார்த்ததும் ராக்கியண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கயிறுகளோடு ஓடிவந்தான். செய்த தப்பைச் சரிசெய்ய வேண்டும் என்கிற தவிப்பு அவனுக்கு.

"புள்ள, நாலு பேரு சேந்து அமுக்கிப் புடிச்சா அறுத்துப்போடலாம்! அடிமேல அடி வெச்சா அம்மியும் நகரும்!"

"அம்மி நகருமுங்க. குதிரை செத்துப்போகும். அங்கேயே நில்லுங்க!" என்றாள் பாவாயி.

முதல் துளிகள் விழுந்தன. நார் இறுகத் தொடங்கியது. செவலை திணறித் தலையை உதறியது; காதுகள் பிடரியோடு ஒட்டின. அந்த உதறலில், தரையில் இழுபட்டுக்கொண்டிருந்த கயிற்றின் நுனி பாவாயியின் கைமேல் வந்து விழுந்தது. அவள் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அவள் திரித்த கயிறு, அவள் கையில்.

"புடி அம்மிணி! உட்றாத, இழுத்துப் புடி!" என்று ஆட்களெல்லாம் கத்தினார்கள்.

இழுத்துப் பிடித்தால் குதிரையை நிறுத்தலாம். ஆனால் காது வேண்டாம் என்கிறதே! விட்டுவிட்டால் திரும்பி வருமா, வருவதற்குள் மூச்சு நின்றுவிடுமா? பாவாயி விரல்களை விரித்தாள். கயிற்றைக் கீழே விட்டாள். மழையில் பின்னால் நடந்து, வெறும் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

செவலை அவளைப் பார்த்தது. ஒரு காது திரும்பியது. பிறகு இன்னொன்று. தானாகவே நடந்து வந்து, அவள் கைகளை முகர்ந்து பார்த்து, தாடையை அவள் தோள்மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

பாவாயி நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்தாள். தன் முடிச்சைத் தானே திட்டினாள். நனைந்து உப்பிய முடிச்சு கடைசியில் நெகிழ்ந்து கயிறு தரையில் விழுந்தது. செவலை இழுத்த மூச்சு வேலிக்கு அப்பால் வரை கேட்டது. "அவுந்துருச்சு! அவுந்துருச்சு!" என்று ஆட்காட்டி வானமெல்லாம் சுற்றிக் கத்த, ஆட்கள் தலைத்துண்டைச் சுழற்றிக் கூவினார்கள். ராக்கியண்ணன் வெட்கமில்லாமல் அழுதான்.

செவலை வாலைத் தூக்கிக்கொண்டு, குட்டி பின்தொடர, கொட்டுகிற மழையில் காட்டைச் சுற்றி ஓடியது. இனி அது வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நேரே பாவாயியிடம் வந்து நின்றது.

பாவாயி கயிற்றை எடுத்தாள். ஒளிக்கவில்லை. இரு கைகளிலும் ஏந்தி நீட்டினாள். செவலை அதை நுனி முதல் நுனி வரை நிதானமாக முகர்ந்து பார்த்தது. பிறகு தானே தலையைத் தாழ்த்தியது. பாவாயி கயிற்றைத் தளர்வாகப் போட்டு, அவள் வாழ்நாளில் போடாத ஒரு முடிச்சைப் போட்டாள். நுனியைச் சுண்டினால் அந்தக் கணமே அவிழும் முடிச்சு. முன்பு போட்ட எந்த முடிச்சும் அவளுக்கு இவ்வளவு கர்வம் தந்ததில்லை.

நோம்பிக்கு மாமனார் வீட்டு வாசலில் குதிரை வந்து நிற்கத்தான் செய்தது. மேலே இருந்தது பாவாயி. அவள் அண்ணன் காளையை மறந்து வாயைப் பிளந்தான். குட்டி வாசற்கோலத்தை மிதித்துக் கலைத்தது, யாரும் அதட்டவில்லை. ராக்கியண்ணன் கம்புப் பையைத் தலைமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தான். "முதுகு அரிக்கலையா மாப்பிள்ளை?" என்று, ஆட்காட்டி சொல்லிக் கதை தெரிந்திருந்த ஊர் கேட்டுச் சிரித்தது. அரித்தாலும் அவன் கையை இறக்கவில்லை.

அன்று முதல்தான் குதிரை காதால் பேசுகிறது. குதிரைக்காரர்கள் கயிற்றை முகரக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் போடுகிறார்கள், சுண்டினால் அவிழும் முடிச்சாகவே கட்டுகிறார்கள். ராக்கியண்ணன்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள் அல்லவா? அதனால்தான், நாம் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு போனாலும், குதிரை முதலில் நம் கையைத்தான் முகர்ந்து பார்க்கிறது.