சவரிமுத்து வயித்துக்குள்ள பொடிச்சி

ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவராம், பேரு சவரிமுத்து. அவரு பெருங்குடலுக்குள்ள இன்னொரு ஊராம்! கண்ணுக்கே தெரியாத கிருமிங்க கோடி கோடியா குடியிருக்கிற ஊரு. மூஞ்சியச் சுளிக்காதடி, கிருமின்னா எல்லாமே கெட்டதில்ல. அதுல பொடிச்சின்னு ஒருத்தி. கீரை நாரு, கெழங்கு நாரு வந்தா நறுக்கு நறுக்குனு தின்னுட்டு, குடல் சுவத்துக்குச் சாந்து பூசுவா. ம் சொல்லு.

"ம்."

டிரைவருக்கு மூணு வேளையும் புரோட்டா. நாரு ஏது? பொடிச்சி கூட்டம் பட்டினி, சுவரு பொத்தலாயிருச்சு. அப்போ பாரு, வாயிலேருந்து வழுக்கிக்கிட்டு வந்தான் ஒரு கிருமி, பல்லிடுக்கான்! சுவத்துல சின்னதா ஒரு கட்டி இருந்துச்சு. அது முத்துனா புத்துநோய், ஆளையே கொண்டுபோயிரும். அந்தக் கட்டியில பச்சக்குனு ஒட்டிக்கிட்டான். ஒடம்போட காவக்காரங்க வந்தா, "இங்க ஒண்ணுமில்ல, போங்க போங்க"ன்னு அனுப்பிட்டான். கட்டி புசுபுசுன்னு வளருது!

பொடிச்சிக்கு வந்துச்சே கோவம்! டிரைவருக்குச் சொல்லியாகணும்னு கடமுட கடமுடன்னு உருட்டுனா. அவரு சோடா குடிச்சாரு. அப்புறம் வயித்தை முறுக்குனா. சூடுன்னு எளநி குடிச்சாரு. அப்புறம் கட்டியே கசிஞ்சு, வெளிக்குப் போனா ரத்தம். மனுசனுக்கு ஒரே வெக்கம்! மூலம்தான்னு தானே முடிவு பண்ணி, அதுக்குக் கைமருந்துன்னு மூச்சு விடாம தெனம் கருணைக்கெழங்கு வாங்கியாந்தாரு.

நாரு வந்துச்சு! பொடிச்சி கூட்டம் குதிச்சுக்கிட்டுத் தின்னுச்சு, சாந்து பூசுச்சு. ஆனா கட்டிய அசைக்க முடியல. பொடிச்சி அழுதுட்டா.

"ம்... அப்புறம்?"

அப்போ டிரைவர் பொண்டாட்டி ஞானப்பூ கரண்டியோட வந்து நின்னா.

"அஞ்சு நாளா கருணைக்கெழங்கு. ஏங்க, ரத்தம் போகுதா?"

"சும்மா... மூலம்தான்."

"உள்ள எட்டிப் பாத்தீங்களா? கெளம்புங்க!"

ஆஸ்பத்திரியில பேதி மருந்து குடுத்தாங்க. சோஓஓன்னு வெள்ளம்! பாதி ஊரு அடிச்சுக்கிட்டுப் போச்சு. பொடிச்சி சுவத்து மடிப்ப இறுக்கிப் புடிச்சா, விடல! டாக்டரம்மா பின்வழியா விட்ட கொழாயிலேருந்து பளீர்னு வெளிச்சம். பின்னாடியே ஒரு கம்பிச் சுருக்கு கட்டிய வளைச்சு... சடக்! பல்லிடுக்கானும் அதோட போயிட்டான்!

கட்டியச் சோதிச்சுப் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, "இன்னும் முத்தல. இன்னும் ரெண்டு வருசம் மறைச்சிருந்தா..." ஞானப்பூ ஓன்னு அழுதுட்டா. அவரும்தான்.

உள்ள பொடிச்சிக்கு அகோரப் பசி. என்ன வருமோன்னு பாத்துக்கிட்டே இருக்கா. சரசரன்னு எறங்குது... கம்மங்கூழு! முருங்கக்கீரை! "ஏய், எல்லாரும் வாங்கடீ!"ன்னு ஒரே கூத்து. மேல சவரிமுத்து, "இன்னும் ஒரு கரண்டி போடு ஞானம்"னாரு.

டிரைவரும் பொழச்சாரு, ஊரும் பொழச்சுது, கதையும் செரிச்சுது. கண்ண மூடு.