பூட்டிய பைக்கும் பூனை நடையும்

“ஸ்கூட்டியில போற டீச்சரம்மா என்னை முந்திட்டுப் போகுது. கம்பெனிக்காரன் எஞ்சின் கம்ப்யூட்டரைப் பூட்டி வெச்சு என் வேகத்தைத் திருடிட்டான்” என்று மறுபடியும் கத்தினார் சென்னியப்பன். ஆயிரம் சிசி பைக். பின்னால் அதே ரக பைக்குகளில் நண்பர்கள். “சாயங்காலத்துக்குள்ள பூட்டைத் திற அம்மணி. முடியாட்டி என் கட்டடத்தைக் காலி பண்ணு.”

மெக்கானிக் ஜெசிந்தா டயரைப் பார்த்தாள். வாங்கி ஒரு வருஷமாகியும், புது டயரில் முள் முள்ளாக நிற்கும் ஓரத்து ரப்பர் முடிகூட உதிரவில்லை. மனுஷர் வண்டியை ஓட்டவில்லை, பூனை மாதிரி நடத்திக்கொண்டு போயிருக்கிறார். அவள் வண்டியை உள்ளே தள்ளிப்போய், நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, வெளியே கொண்டுவந்தாள்.

“திறந்தாச்சுங்க. ஆனா பைபாஸ்ல ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கணும். பாதியில விட்டா பூட்டு மறுபடி விழுந்துரும்.”

நண்பர்கள் பார்க்கிறார்களே என்று பைபாஸில் முழுசாக முறுக்கினார். வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தவர், “வண்டின்னா இது. இந்தக் கடையை இனி யாரும் உன்னைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க, இவங்கதான் சாட்சி” என்றார்.

ஜெசிந்தா சீட்டைக் கழற்றிக் காட்டினாள். கம்ப்யூட்டர் மேல் கம்பெனி ஒட்டின சீல் கிழியாமல் இருந்தது. “நான் தொடவே இல்லைங்க. இத்தனை நாள் நீங்கதான் முறுக்கலை.”

சென்னியப்பன் நண்பர்கள் பக்கம் திரும்பினார். “இதை வெளியில சொல்லிராதீங்கப்பா.”

அவர்கள் எல்லோரும் ரப்பர் முடி உதிராத தங்கள் வண்டிகளை பைபாஸ் பக்கம் திருப்பி, அவசர அவசரமாக ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.