தவசிமுத்து வீட்டு வயரும் கொய்யாமரத்து அணிப்புள்ளையும்

ஓடைக்கரைப்பட்டில அண்ணன் தம்பி மூணு பேரு. மூத்தவன் தவசிமுத்து, நடுவுள்ளவன் மாசானம், கடைசி இசக்கிப்பாண்டி. மூணு பேருக்கும் புத்தி கெடையாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அது அபாண்டம். புத்தி இருந்துச்சு. மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருந்துச்சு. அது இப்ப யாருகிட்ட இருக்குன்னு கேட்டா மட்டும் ஒருத்தன் இன்னொருத்தனக் கைகாட்டுவான்.

இதுல தவசிமுத்துக்குக் கல்யாணம் ஆகணும். முன்மண்டை முடியெல்லாம் அவனுக்காகக் காத்திருந்து பாத்துட்டு கெளம்பிப் போயாச்சு. அவனுக்கு ஆனாத்தான் கீழ உள்ள ரெண்டு பேருக்கும் வழி. கடைசியா ஒரு எடம் வந்துச்சு. பொண்ணு பேரு செண்பகவல்லி, குவைத்துல நர்ஸ். லீவு கெடைக்கல, செல்லுல மொகம் பாத்துப் பேசி முடிவு சொல்லுதேன்னுட்டா. அதாவது மாப்ள பொண்ணு பாக்கல. பொண்ணு மாப்ள பாக்குது.

ஊர்ல செல்லுக்கு டவரு சரியா எடுக்காது, மலை குறுக்க நிக்கி. பேச்சு வரும், படம் வராது. "பேச்சு ஒல்லி, சந்துல பூந்து வந்துரும். படம் அகலம்லா, மலைல மாட்டிக்கிடுது"ன்னு மாசானம் அதுக்கு வெளக்கம் சொன்னான். அதனால கேபிள்கார தேவசகாயம் அண்ணாச்சிகிட்ட சொல்லி நெட்டு வயரு இழுத்தாங்க. வயரு தெருக்கம்பத்துல கெளம்பி, வாசல் கொய்யாமரத்துக்குள்ள பூந்து, ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வந்து, மினுக்கு மினுக்குன்னு எரியுத ஒரு பெட்டில முடியும்.

மொதல் ஞாயித்துக்கெழம பேச்சு. தவசிமுத்து பவுடர் அப்பிக்கிட்டு ஒக்காந்தான். செண்பகவல்லி, "சாப்ட்டீங்களா?"ன்னு கேட்டா. இவன் "ஆ..."ன்னு வாயத் தொறந்தான். நெட்டு நின்னுபோச்சு. குவைத்துல அந்தப் பொண்ணு போன்ல இவன் தொறந்த வாயி தொறந்தபடியே நிக்கி. பல்லு, நாக்கு, உள்நாக்கு எல்லாத்தையும் அவ ஆற அமரப் பாத்துட்டா.

தரகர் வந்து சொன்னாரு: "ஏ தவசி, ஒனக்கு டான்சில் வீங்கிருக்காம், பாக்கச் சொல்லிருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தடவ பேசுவாகளாம். அன்னைக்கும் வாயப் பொளந்துட்டு நின்னன்னா வேற எடம் பாத்துக்கிடுவாகளாம்."

தேவசகாயம் அண்ணாச்சிக்கு ஆள் போச்சு. அவரு ஏணி போட்டு ஏறி, கொய்யாமரத்துக்குள்ள தலைய விட்டு, "இந்தா பாரு"ன்னு வயரக் காட்டுனாரு. சின்னச் சின்னதா பல்லுத் தடம். "அணிப்புள்ள கடிச்சிருக்கு. ஒட்டுப் போட்டுட்டேன். மொளகாத்தூள எண்ணெயில கொழச்சு வயர்ல தடவி விடுங்க. காரமா இருந்தா வாய வைக்காது." சொல்லிட்டுப் போயிட்டாரு.

சொன்னபடியே தடவுனாங்க. நல்லா, இட்லிக்குத் தடவுற மாதிரி தடவுனாங்க. தடவி முடிச்சதும் இசக்கிப்பாண்டிக்கு ஒரு சந்தேகம்.

"ஏண்ணே, காரம் போதுமா?"

"எனக்கு எப்டித் தெரியும்?" ன்னான் தவசிமுத்து.

"கொழம்பு வச்சா ருசி பாக்கமா இல்லையா?"

"பாக்கோம்."

"வயரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

இதுல ஞாயம் இருந்துச்சு. மாசானம் ஏணில ஏறி வயர ஒரு நக்கு நக்குனான். கண்ணுல தண்ணி வந்துச்சு.

"காரமாத்தான் இருக்கு. ஆனா அணில் நக்காதே, கடிக்கும்லா?"

"அப்பக் கடிச்சுப் பாரு."

"என் பல்லு பெருசு, அணில் பல்லு சின்னது."

"முன்பல்லு மட்டும் வச்சுக் கடிடே."

முன்பல்லு மட்டும் வச்சுக் கடிச்சான். "இந்த எடத்துல காரம் சரியா இருக்கு"ன்னான். அந்த எடம் சரி, அடுத்த எடம்? கொழம்புன்னா ஒரு தடவ கலக்கி விட்டா எல்லாப் பக்கமும் ஒரே காரம். வயரக் கலக்க முடியுமா? அதனால மூணு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிஞ்சு, கம்பத்துலருந்து ஜன்னல் வரைக்கும் விடாமக் கடிச்சுப் பாத்துட்டு வந்தானுவ. எல்லா எடத்துலயும் காரம் ஒரே சீரா இருந்துச்சு. தவசிமுத்துக்குப் பரம சந்தோசம். பெட்டியப் பாத்தா ஒரு லைட்டும் எரியல.

போனப் போட்டாங்க.

"அண்ணாச்சி, நெட்டு போச்சு."

"மறுபடியும் அணில் கடிச்சிட்டா?"

"அணில் கிட்டயே வரல, அண்ணாச்சி. நாங்கதான் கடிச்சோம்."

நெட்டு மட்டும் இல்ல, போனும் போச்சு போலன்னு இசக்கிப்பாண்டி போனத் தட்டிப் பாத்தான். அப்புறமா அண்ணாச்சி ரொம்ப மெதுவா, புதுச்செருப்புப் போட்டு நடக்குத மாதிரி, வார்த்தை வார்த்தையாச் சொன்னாரு: "மொளகாத்தூளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கடையில பிளாஸ்டிக் குழாய் வாங்குங்க. வயரு முழுசும் குழாய்க்குள்ள இருக்கணும். வெளிய ஒரு விரக்கட, ஒரு விரல் அகலம் கூடத் தெரியப்படாது. புது வயரு கொடுத்து விடுதேன். சாயந்தரம் வாரேன்."

புது வயரு சுருளா வந்துச்சு. குழாயும் வந்துச்சு, ஒரே ஒரு துண்டு, நல்ல தடி. மூணு பேரும் ரெண்டையும் முன்னால வச்சுக்கிட்டு ஒக்காந்தாங்க.

"வயரு நீளம், குழாய் குட்டை"ன்னான் தவசிமுத்து.

"குட்டையா இருந்தா என்ன, தடியா இருக்குல்லா?" மாசானம் சொன்னான். "போர்வை பெட்டிய விட நீளம். மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கமா இல்லையா?"

சுருள அப்படியே குழாய்க்குள்ள திணிச்சாங்க. இசக்கிப்பாண்டி கம்பு வச்சுக் குத்திக் குத்தி எறக்குனான். ரெண்டு பக்கமும் மூடி போட்டு, கோந்து போட்டு ஒட்டி, கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சாங்க. எந்தப் பக்கம் பாத்தாலும் வெளிய ஒரு விரக்கட தெரியல.

சாயந்தரம் அண்ணாச்சி வந்து, "என்னல, குழாய்க்குள்ள விட்டாச்சா?"ன்னாரு.

"விட்டாச்சு அண்ணாச்சி."

"நெட்டு வருதா?"

"நெட்டு வரல. ஆனா அணிலும் வரல."

கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்துக் காட்டுனாங்க. தேவசகாயம் அண்ணாச்சி அந்தக் குழாயப் பாத்தாரு, அவனுவளப் பாத்தாரு, தொழில மாத்திருவமான்னு வானத்தப் பாத்தாரு. அப்புறம் அவரே குழாய அறுத்து, வயர எடுத்து, அவரே கம்பத்துல ஏறிக் கட்டி, தம் வண்டில கெடந்த குழாயெல்லாம் போட்டு மூடுனாரு. கொய்யாமரத்துலருந்து ஜன்னல் வரைக்கும் மட்டும் குழாய் பத்தல, வயரு சும்மா தொங்குச்சு.

"கேட்டுக்கங்கடே. நாளைக்கு என் மச்சினி மகளுக்குக் காதுகுத்து, நான் வரமாட்டேன். கொய்யாமரத்துல அணில் ஏறப்படாது. அடிமரத்தச் சுத்தி தகரம் அடிங்க. தகரம் வழுக்கும், அணில் கால் நிக்காது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணாச்சி."

"என்ன புரிஞ்சுது?"

"தகரம் வழுக்கும், அணில் கால் நிக்காது."

அவரு நம்பிக்கை இல்லாமத்தான் போனாரு. ஆனா இவனுவ தகரத்த அடிச்சிருக்கானுவ பாருங்க, அப்படி ஒரு வேலை. மரத்தச் சுத்தி மடிப்பு இல்லாமச் சுத்தி, தேங்காநாரு போட்டுத் தேச்சு, மொகம் பாத்துத் தலை சீவுத மாதிரி பளபளன்னு ஆக்கிட்டானுவ. ஒரே ஒரு விசயம், அடிக்கும்போது அணிலெல்லாம் மரத்து மேலதான் இருந்துச்சு.

மொதல்ல ஒரு அணில் கீழ எறங்கி வந்துச்சு. தகரத்துல கால வச்சுது. சர்ருன்னு வழுக்கவும் பதறிப்போயி மேல ஏறிருச்சு. இன்னொண்ணு வந்துச்சு, அதுக்கும் அதே கதி.

"அண்ணே, அது எப்டி எறங்கும்?" ன்னான் இசக்கிப்பாண்டி.

"ஏறப்படாதுன்னுதான் அண்ணாச்சி சொன்னாரு. எறங்குறதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அணில் இவனுவ மாதிரி இல்ல, அதுக்குத் தனியா ஒரு புத்தி இருந்துச்சு. மரத்துல நின்னு நாலாபக்கமும் பாத்துச்சு. வீட்டுக்குப் போக ஒரு வழி இருந்துச்சு, வயரு. அதுல ஏறி குடுகுடுன்னு ஓடி ஜன்னலுக்குள்ள போயிருச்சு.

"அண்ணே, வீட்டுக்குள்ள போகுதே!"

"போகட்டும்ல. மரத்துல ஏறலல்லா?"

ஞாயித்துக்கெழம விடிஞ்சுது. தவசிமுத்து ஒரு நிம்மதிக்கு அண்ணாச்சிக்குப் போனப் போட்டான். அங்க மேளச்சத்தம். காது குத்துத புள்ள கத்துத சத்தம் வேற. நடுவுல அண்ணாச்சியும் கத்துனாரு: "வயரத் தொடாதீங்க! மரத்தத் தொடாதீங்க! அணில் வந்தா வெரட்டுங்க. போன் பேசி முடியுத வரைக்கும் அதத் தவிர வேற ஒரு வேலையும் பாக்காதீங்க. மூணு பேருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்!"

பேச்சு ஆரம்பமாச்சு. போன ஒரு செம்புல சாச்சு வச்சு, எதிர்ல நாற்காலி போட்டு, சம்பந்தி வீட்டு ஆளு வாராகளேன்னு போனுக்கு முன்னால தட்டுல முறுக்கும் வாழப்பழமும் வச்சிருந்தாங்க. தவசிமுத்து போன தடவ பட்ட பாட்டுல வாயத் தொறக்கவே பயந்து, உதட்ட ஒட்டிக்கிட்டு ஒக்காந்தான். எல்லாக் கேள்விக்கும் "உம்". செண்பகவல்லிக்கு அது புடிச்சுப்போச்சு.

"தொண்டை இன்னும் சரியாகலயா? உப்புத்தண்ணில கொப்பளிங்க, என்ன?"ன்னா.

"உம்."

"எனக்கு டூட்டிக்குக் கூப்பிடுதாங்க. அப்பா லைன்ல வருவாங்க. அப்பா சரின்னா எனக்கும் சரிதான்."

தவசிமுத்துக்கு உச்சி குளுந்துபோச்சு. பாதிக் கல்யாணம் ஆன மாதிரி. செண்பகவல்லி போகவும், அவ அப்பா பூதலிங்கம் வர்றதுக்கு போன்ல வட்டம் சுத்திக்கிட்டே கெடந்துச்சு. அந்த நேரம் கொய்யாமரத்துல கீச் கீச்சுன்னு சத்தம்.

"அண்ணே, அணில்!" ன்னான் மாசானம்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

"வேற ஒரு வேலையும் பாக்கப்படாதுன்னு அண்ணாச்சி சொன்னாருல்லா?"

"இது என் கல்யாணம்டே!"

"கல்யாணம்னாலும் வேலைதான. மூணு பேருக்கும் சேத்துச் சொல்லிருக்காரு. ரெண்டு பேரு போயி, நெட்டு நின்னு, நீ மறுபடியும் உறைஞ்சு நின்னன்னா?"

வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மூணு பேரும் வாசல் வழியா மரத்துக்கு ஓடுனாங்க. அவனுவ வாசல் வழியா வெளிய போகவும், அணில் வயரு வழியா உள்ள வரவும் சரியா இருந்துச்சு. நாற்காலில ஏறுச்சு, தட்டுல இருந்து ஒரு முறுக்க எடுத்துச்சு, போனப் பாத்து ஒக்காந்துச்சு.

பூதலிங்கம் லைன்ல வந்துட்டாரு. அவருக்கு அப்பத்தான் கண்ணு ஆபரேசன் முடிஞ்சிருக்கு. ஒரு கண்ணுல பச்சத்துணி, இன்னொரு கண்ணு ஆபரேசனுக்குக் காத்துக்கிட்டு இருக்கு.

"வணக்கம் மாப்ள. சௌரியமா?"

அணில் தலைய ஆட்டுச்சு.

"சாப்புடுங்க, சாப்புடுங்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். சம்பாத்தியம்லாம் எப்படி, ரொம்ப ஓடியாடி உழைப்பீங்கன்னு தரகர் சொன்னாரே?"

அணில் நாற்காலிய ஒரு சுத்துச் சுத்தி வந்து ஒக்காந்துச்சு.

"அப்பா, என்ன சுறுசுறுப்பு! குடி, பீடி ஏதும் உண்டுமா?"

அணில் பேசாம முறுக்கக் கடிச்சுது.

மரத்துல ஒண்ணையும் காணோமேன்னு மாசானம் திரும்பி வந்து வாசல்ல நிக்கும்போது, பூதலிங்கம் பின்னால திரும்பி அவரு வீட்டம்மாகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாரு: "ஆளு கொஞ்சம் ஒல்லி. ஆனா நல்ல மீசை. முறுக்க ரெண்டு கையாலயும் புடிச்சு என்ன மரியாதையாச் சாப்பிடுதாரு பாரு! முதுகு வரைக்கும் மூணு பட்டை போட்டிருக்காரு, இந்தக் காலத்துல யாருட்டி இப்படித் திருநீறு பூசுதா? போன தடவ வாயப் பொளந்தாருன்னு சும்மா சொல்லிருக்கானுவ." அப்புறம் போனப் பாத்து, "மாப்ள, ஒங்களத்தான் எங்களுக்குப் புடிச்சிருக்கு. வேற யாரும் வேண்டாம். வார வெள்ளிக்கெழம நிச்சயத்துக்கு ஒங்க வீட்டுக்கு வாரோம்"ன்னு வச்சிட்டாரு.

மாசானம் போயி அண்ணன்கிட்ட ஒண்ணு விடாமச் சொன்னான். தவசிமுத்து தகரத்துல சாஞ்சு ஒக்காந்துட்டான். வழுக்குச்சு.

"என் கல்யாணம் போச்சேடே!"

"போகலண்ணே. நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு" ன்னான் இசக்கிப்பாண்டி.

"அவருகிட்ட, அது நான் இல்லன்னு சொல்லிருவமா?"

மாசானம் தலைய ஆட்டுனான். "வேற யாரும் வேண்டாம்னு சொல்லிட்டாரு. நீ வேற யாருதான?"

ரொம்ப நேரம் பேசுனாங்க. மாப்ளன்னு ஆனப்புறம் அத இனிமே வெரட்டலாமான்னு கேள்வி வந்துச்சு. வெரட்டுனா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்கன்னு பதில் வந்துச்சு. கடைசில தவசிமுத்து கண்ணத் தொடச்சிட்டு எந்திரிச்சான். பெரிய மனசு பண்ணி, நிச்சயத்துக்குத் தச்சு வச்சிருந்த தம் பட்டுச்சட்டைய எடுத்துட்டு வந்தான். அதுக்குள்ள அணில் வயரு வழியா மரத்துக்குப் போயிருச்சு, தகரம் இருக்கதால இவனுவளால மேல ஏற முடியல.

மறுபடியும் அண்ணாச்சிக்குப் போனப் போட்டாங்க.

"என்னல, அணில் வயரக் கடிச்சிட்டா?"ன்னாரு அவரு, மேளச்சத்தத்துக்கு மேல.

"கடிக்கல அண்ணாச்சி. அதெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னான் தவசிமுத்து. "கொஞ்சம் கீழ எறங்கி வரச் சொல்லணும், சட்டைக்கு அளவு பாக்கணும். அதுக்கு ஏதாவது ஒரு வழி சொல்லுங்க."